பாட்டனுக்குப் பாட்டன் பெயர் தெரியுமா?

(ஜார்ஜ்டவுனில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'நம் முன்னோர்களைத் தேடுவது எப்படி?' என்ற தலைப்பில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பேச்சைத் தொடங்குவதற்கு முன் உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், மனத்துக்குள்ளேயே பதில் சொல்லிப் பாருங்கள். உங்கள் அப்பா பெயர் என்ன? எல்லாரும் சொல்லிவிடுவீர்கள். அது உங்கள் அடையாளக் கார்டிலேயே இருக்கிறது. தாத்தா பெயர்? அது அப்பாவின் அடையாளக் கார்டில் இருக்கிறது. தாத்தாவின் அப்பா பெயர்? இங்கே கொஞ்சம் தடுமாற்றம் வரும். அம்மாவைப் பெற்ற பாட்டி இருக்கிறாரே, அவருடைய அம்மாவின் பெயர்? இங்கே பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம்.

அடுத்த கேள்வி. அவர்கள் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள்? "தமிழ்நாடு" என்று சொன்னால் அது பதில் ஆகாது. "திருச்சிப் பக்கம்" என்பது பாதிப் பதில். ஊர்ப்பெயர் வேண்டும். நாலு தலைமுறைக்குள் ஊர்ப்பெயர் நம் வாயிலிருந்து நழுவிப் போயிருக்கிறது என்றால், அது எப்படி நழுவியது, அதை எப்படித் திரும்பப் பிடிப்பது? இதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெருமைக்காக மட்டுமல்ல

"செத்துப்போனவர்கள் பெயரைத் தேடி என்ன செய்யப் போகிறோம்? சோறு போடுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் கையில் சிவப்பு அடையாளக் கார்டோடு இருப்பவர்கள், எந்தக் கார்டுமே இல்லாதவர்கள் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக யாராவது விண்ணப்பப் பாரம் நிரப்ப உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி என்ன? அப்பா யார், அம்மா யார், அவர்கள் எங்கே பிறந்தார்கள், திருமணம் பதிவானதா, ஆதாரம் எங்கே என்பதுதான். இந்நாட்டுச் சட்டப்படி, பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படாமல் இருந்தால், பிள்ளையின் குடியுரிமை தாயின் குடியுரிமையைப் பொறுத்தே கணிக்கப்படுகிறது. தாயிடம் பத்திரம் இல்லை என்றால் பிள்ளைக்கும் சிக்கல். பாட்டியிடம் இல்லாத ஒரு தாள் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறது.

இந்திய அரசாங்கத்தின் ஓசிஐ கார்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே நிலைதான். முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். முகத்தையும் பெயரையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தாளைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே குடும்ப வரலாறு என்பது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பல குடும்பங்களுக்கு அது உரிமைப் பிரச்சினை. மற்றவர்களுக்கு மன நிறைவு. இரண்டுக்கும் தேடும் வழி ஒன்றுதான்.

பினாங்கு என்ற வாசல்

1786 ஆகஸ்டு 11-ஆம் தேதி பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அன்று தொடங்கி நம்மவர்கள் இந்த வாசல் வழியாக வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி வரவில்லை. அவரவர் வந்த விதத்தைப் பொறுத்துத்தான் அவரவரைப் பற்றிய பதிவும் இருக்கிறது.

வணிகர்களாக வந்த தமிழ் முஸ்லிம்களைப் பாருங்கள். காதர் மைதீன் அவர்கள் கப்பித்தானாக இருந்து 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. சொத்து வைத்திருந்தவர்களுக்கு நிலப்பத்திரம் உண்டு, வக்ஃபு ஆவணம் உண்டு, உயில் உண்டு. மரைக்காயர் என்ற பெயர் மெரிக்கான் என்று மாறி இன்றும் பினாங்கில் வழங்குவதைப் பார்க்கிறோம். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்களோ ஊரையே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஊர்த்தொடர்பு அறுபடாததால் அவர்களுக்குத் தேடல் எளிது.

நகரத்தார் சமூகத்திடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து லேவாதேவி செய்தார்கள், தண்ணீர்மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். அவர்களுக்குச் செட்டிநாட்டில் ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒன்றைச் சேர்ந்தது. திருமணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். மணமான தம்பதி ஒரு 'புள்ளி' என்று கோயில் கணக்கில் ஏறவேண்டும். யாரும் வரலாறு எழுத வேண்டும் என்று நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் கல்யாணக் கணக்கே வம்ச வரலாறாகிவிட்டது.

நம் அண்டை வீட்டுச் சீனர்களையும் பாருங்கள். கூ கொங்சி போன்ற குலச் சங்கங்களில் வம்சாவளி ஏட்டைப் போற்றிக் காக்கிறார்கள். எந்த மாநிலம், எந்தக் கிராமம், எத்தனையாவது தலைமுறை என்று அந்த வீட்டுப் பிள்ளைகளால் சொல்ல முடிகிறது.

கைதிகளாக வந்தவர்களும் உண்டு. சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களை 1801-இல் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் 1802-இல் கப்பலேற்றி இந்தப் பினாங்குத் தீவுக்குத்தான் அனுப்பினார்கள். 1818-இல் இங்கே வந்த கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒரு காலத்தில் தமக்குத் தெரிந்த அந்த இளைஞரை உடல் தளர்ந்த கோலத்தில் கண்டதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் துரைசாமி பினாங்கில் வாழ்ந்தார் என்று நமக்குத் தெரிகிறது என்றால், காரணம் ஒருவர் அதை எழுதி வைத்ததுதான்.

சரி, வணிகர்களுக்குச் சொத்துப் பத்திரம், நகரத்தாருக்குக் கோயில் கணக்கு, கைதிகளுக்குக்கூட அரசாங்கப் பட்டியல். தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன் பாட்டிக்கு?

மொரீஷியசில் இருக்கிறது, மலாயாவில் இல்லை

இங்கே கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய் வருவோம். மொரீஷியஸ் தீவுக்கு 1834 முதல் சுமார் நாலரை இலட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், வந்த கப்பல். 1860-களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் எடுத்தார்கள். இந்தப் பேரேடுகள் இப்போது அங்குள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பேரன் ஒருவர் போய்க் கேட்டால், பாட்டனின் விவரத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் இப்படித்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை வந்து இறங்கிய 1,52,184 பேரின் விவரமும் கப்பல் பட்டியலில் இருக்கிறது. மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். பிஜித் தீவுக்குப் போனவர்களுக்கும் ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு.

எழுதியவர்கள் அன்பினால் எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள். ஆனாலும் அடிமைத்தனத்துக்காக எழுதிய அந்த ஏடு, இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊர் காட்டும் விளக்காகிவிட்டது.

மலாயாவில் ஏன் அப்படி ஒரு முழுத் தொகுப்பு நமக்குக் கிடைக்கவில்லை? இங்கேயும் சஞ்சி முறை இருந்தது. செபராங் பிறையில் பத்து கவான், நிபோங் தெபால் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் சஞ்சிக் கூலிகளாகத்தான் வந்தார்கள். 1910-இல் அந்த முறை ஒழிந்தது. ஆனால் ரப்பர் வந்த பிறகு இலட்சக்கணக்கில் ஆள் கொண்டுவந்தது கங்காணி முறை. தோட்டத்துத் துரை, கங்காணியிடம் லைசென்ஸ் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி தன் கிராமத்துக்கே போய், தன் சொந்தபந்தத்தையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டிக்கொண்டு வருவார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த டிப்போவில் தங்கவைத்து, கப்பலேற்றி, இங்கே ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடிநுழைவு நிதி பயணச் செலவை ஏற்றுக்கொண்டது. கடல் வழியும் குறுகியது, ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பல ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஆளைக் கட்டிப்போட்டு, எண் கொடுத்து, படம் எடுத்து வைக்கும் அந்த முறை இங்கே நிலைக்கவில்லை.

தோட்டத்து ஆபீசில் பெயர்ப் பதிவு இருந்தது உண்மைதான். ஆனால் அது கம்பெனியின் சொத்து. இடையில் ஜப்பான்காரன் காலம் வந்தது. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் தோட்டத் துண்டாடல் வந்தது. தோட்டம் கைமாறும்போது பழைய பேரேட்டைக் கேட்பார் யார்? லயம் போனது, ஆபீஸ் போனது, பேரேடும் போனது.

சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். 1942, 43-ஆம் ஆண்டுகளில் அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. அவர்களோடு மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிக் கல்லறை வரிசை இல்லை. "தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை" என்ற ஒரு வாக்கியம்தான் பல வீடுகளில் மிச்சம். அந்த வாக்கியத்தையும் நாம் எழுதி வைக்காவிட்டால் அவருக்கு வேறு சாட்சியே கிடையாது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். மொரீஷியஸ்காரருக்கு ஒரே பேரேட்டில் இருப்பது நமக்கு நூறு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அதில் பெரிய பங்கு நம் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. காகிதம் காத்திருக்கும். பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தேடலை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தகரப் பெட்டியும் தாத்தா பாட்டியும்

முதலில் வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறங்கள். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், ஊழியர் சேமநிதிப் புத்தகம், குடியுரிமை விண்ணப்பத்தின் நகல், எதையும் வீசிவிடாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒரு பொக்கிஷம். அதில் மாப்பிள்ளை, பெண், பெற்றோர், தாத்தா பாட்டி, தோட்டத்தின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். சிலவற்றில் பூர்வீக ஊரும் இருக்கும். ஊரிலிருந்து வந்த கடிதம் கிடைத்தால் முகவரியைப் பாருங்கள், தபால் முத்திரையைப் பாருங்கள். பணம் அனுப்பிய ரசீது இருந்தால், யாருக்கு, எந்தத் தபாலாபீஸ் வழியாக என்று அதில் தெரியும். புகைப்படத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது பெரியவர்கள். தொலைக்காட்சி வேலையில் பெரியவர்களிடம் மைக்கை நீட்டிப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "நீங்கள் எந்த வருஷம் வந்தீர்கள்?" என்று கேட்டால், "எனக்கு என்ன தெரியும் தம்பி" என்று பேச்சு முடிந்துவிடும். வருஷத்தைக் கேட்காதீர்கள். சம்பவத்தைக் கேளுங்கள். ஜப்பான்காரன் வந்தபோது நீங்கள் எவ்வளவு உயரம்? பள்ளிக்கூடம் போனீர்களா, ஆயாக்கொட்டகையில் இருந்தீர்களா? 'ரஜுலா' கப்பலில் வந்தீர்களா, 'சிதம்பரம்' கப்பலில் ஊருக்குப் போனீர்களா? ரஜுலா 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடியது. அதன் பிறகு வந்த சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு நின்றது. கப்பல் பெயர் கிடைத்தால் காலம் தானாகக் கிடைத்துவிடும்.

அப்புறம் கேளுங்கள்: உங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள்? உங்களை எந்தக் கங்காணி கூட்டி வந்தார்? தாலாட்டிலோ ஒப்பாரியிலோ பாட்டி எந்த ஊரைச் சொல்லி அழுதார்? சந்தைக்கு எந்த ஊருக்குப் போவார்களாம்? ஊர் மறந்தவர்களுக்கும் சந்தை கூடும் ஊர் ஞாபகம் இருக்கும். இதையெல்லாம் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். இடையில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கறந்துவிடவும் நினைக்காதீர்கள். முதல் நாள் மறந்த பெயர், மறுநாள் காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது வந்துவிடும்.

கங்காணி ஊரே நம் ஊர்

கங்காணியைப் பற்றி ஏன் கேட்கச் சொல்கிறேன் தெரியுமா? அவர் ஆள் எடுத்தது தன் சொந்த ஊரிலும் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களிலும்தான். ஆகவே உங்கள் பாட்டனின் ஊர் தெரியாவிட்டாலும், அதே கங்காணியோடு வந்த வேறொரு குடும்பத்துக்கு ஊர் தெரிந்திருந்தால், உங்கள் ஊரும் அதுவாகவோ அதற்குப் பக்கத்திலோ இருக்க நிறைய வாய்ப்பு. எந்தக் கங்காணி முறை நம்மைப் பேரேடு இல்லாதவர்களாக ஆக்கியதோ, அதே முறையில்தான் ஊரைக் கண்டுபிடிக்கும் சாவியும் இருக்கிறது. ஒரு தோட்டத்துக் குடும்பங்கள் நாலைந்து ஒன்றாக உட்கார்ந்து தேடினால், தனித்தனியாகத் தேடுவதைவிட விரைவில் பலன் கிடைக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் வருகிறோம் அல்லவா? அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.

இலாகாவில் எது கிடைக்கும்?

வீட்டு விவரத்தோடுதான் அரசாங்க அலுவலகத்துக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குத் தேசியப் பதிவு இலாகா. பழைய பத்திரத்தில் 'தகவல் கொடுத்தவர்' என்ற இடத்தையும் விடாமல் பாருங்கள். அது தோட்டத்துக் கிராணியாகவோ மருத்துவமனை ஊழியராகவோ இருந்தால், குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். பழைய அரசாங்கக் கோப்புகளுக்கு அர்கிப் நெகாரா என்ற தேசிய ஆவணக் காப்பகம்.

கல்யாணச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டாம் என்று ஒரு யோசனை. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலிலும் லயத்து வாசலிலும் தாலி கட்டிய பலருடைய திருமணம் எங்கும் பதிவாகவில்லை. தாத்தா பாட்டிக்குச் சான்றிதழ் இல்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயதையும் நம்பிவிடாதீர்கள். 1948-இல் அவசரகாலத்தில் அடையாளக் கார்டு முறை வந்தபோது, பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்குக் குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டார்கள். பாட்டி பிறந்தது ஜனவரி முதல் தேதி என்று கார்டில் இருந்தால், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணை. பிள்ளையின் பெயரோடு பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் அதில் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் கிராணிகளாக வந்தவர்களில் பலருக்கு இங்கும் அங்கும் தேவாலயப் பதிவு கிடைக்கும். முஸ்லிம்களுக்கு மையவாடிக் கல்லறைக் கற்கள் உதவும். இந்துக்கள் பெரும்பாலும் எரியூட்டுவதால் கல்லறை குறைவு. அந்த இடத்தை நிரப்புவது பத்திரிகை விளம்பரம்.

ஆமாம், பத்திரிகைதான். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனிலும் மற்ற ஏடுகளிலும் வந்த மரண அறிவிப்பு, கருமக்கிரியை அழைப்பு, ஆண்டு நினைவஞ்சலி ஆகியவற்றில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் பெயர்கள் வரிசையாக இருக்கும். வேறெந்த ஆவணத்திலும் இத்தனை உறவை ஒரே இடத்தில் பார்க்க முடியாது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும், நூற்றாண்டுக்கு முந்திய ஆங்கில நாளேடுகள் பலவற்றையும் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' என்ற அகப்பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கோலாலம்பூருக்குப் போகாமலே பினாங்கில் வீட்டில் உட்கார்ந்து தேடலாம்.

ஒரே பெயர், பத்து எழுத்து

தேடும்போது ஒரு முள்வேலி குறுக்கே வரும். அதுதான் எழுத்துக்கூட்டு. பாட்டன் சொன்ன பெயரைக் கேட்டு எழுதியவர் வேறு மொழிக்காரர், அல்லது அவசரத்தில் இருந்த கிராணி. முனியாண்டி என்ற ஒரே பெயரில் முதல் அசைக்கு 'யூ' போட்டவர் உண்டு, 'ஓ' போட்டவர் உண்டு. கடைசியில் 'ஐ' போட்டவரும் உண்டு, 'ஒய்' போட்டவரும் உண்டு. லட்சுமணன் இந்நாட்டுப் பத்திரங்களில் லெட்சுமணன் ஆனார். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கு அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கும். அண்ணன் தம்பி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டையும் போட்டுப் பாருங்கள். 'ராமசாமி மகன்' என்று மட்டும் தெரிந்தால் போதாது. இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் ராமசாமி! பெயர், தோட்டம், மனைவி பெயர் மூன்றும் ஒத்துவந்தால் நம்பலாம். ஒன்று மட்டும் ஒத்துவந்தால் குறித்து வைத்துக்கொண்டு மேலே தேடலாம்.

ஊர்ப்பெயரிலும் இதே சிக்கல். பாட்டன் சொன்ன மாவட்டம் இன்று வேறு பெயரில் இருக்கும். பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. தென் ஆற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று ஆனது. பழைய தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் பிரிந்தன. திருச்சியிலிருந்து 1995-இல் பெரம்பலூரும் கரூரும் வந்தன. சேலத்திலிருந்து 1997-இல் நாமக்கல் தனியானது. கடையநல்லூர்க்காரர்கள் 'திருநெல்வேலி ஜில்லா' என்று சொன்னது 2019 முதல் தென்காசி மாவட்டம். பத்திரத்தில் திருச்சி என்று இருக்கிறதே என்று திருச்சி நகரத்தில் போய் நின்றால் யாருக்குத் தெரியும்? பெரம்பலூர், துறையூர், முசிறி என்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

குலதெய்வம் காட்டும் வழி

எல்லாம் அடைபட்டுப் போனாலும் ஒரு வழி திறந்தே இருக்கும். அது குலதெய்வம். பாட்டனுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம், ஊர்ப்பெயரை நமக்குச் சொல்லாமல் போயிருக்கலாம். ஆனால் முதல் மொட்டை யார் பெயரில் எடுத்தார்கள், கிடா வெட்டும்போது எந்தச் சாமியைக் கூப்பிட்டார்கள் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். 'அம்மன்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த அம்மன், பக்கத்தில் காவலுக்கு நிற்கும் சாமி யார், எந்த மாதத்தில் படையல், எதைப் படைக்கக் கூடாது என்று கேட்டு எழுதுங்கள். தமிழ்நாட்டில் அந்தக் கோயிலைக் கண்டுபிடித்துவிட்டால், அங்கே வரி கொடுத்துக் கும்பிடும் பங்காளிகளைக் கண்டுபிடித்துவிடலாம். பங்காளி வீட்டில் உங்கள் பாட்டனை 'கப்பலுக்குப் போனவர்' என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம்.

போகும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளவர்கள், நீங்கள் நிலத்தில் பங்கு கேட்டு வந்துவிட்டீர்களோ என்று பயப்படக்கூடும். சொத்துக்காக வரவில்லை, சொந்தத்துக்காக வந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பாருங்கள், கதவு எப்படித் திறக்கிறது என்று!

மரபணுச் சோதனையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். எச்சில் மாதிரியை அனுப்பினால் தெற்காசியா என்று சொல்வார்கள், தூரத்து உறவு யாராவது அதே நிறுவனத்தில் சோதித்திருந்தால் காட்டுவார்கள். ஊர்ப்பெயர் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பாட்டிதான் வேண்டும்.

சொல்லாத கதைகள்

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில பெரியவர்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். மறதி என்று நாம் நினைப்போம். அது மறதியாக இருக்காது. ஊர்ப்பெயரைச் சொன்னால் தெருப்பெயர் வரும், தெருப்பெயரைச் சொன்னால் சாதி வரும். பழைய பதிவுகளில் சாதிக்கென்றே ஒரு கட்டம் உண்டு. எந்த அவமானத்தை விட்டுக் கடல் தாண்டி வந்தார்களோ, அதைப் பேரப்பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம் என்று நினைத்து மௌனமாக இருந்தவர்கள் உண்டு. அந்த மௌனத்துக்கு மரியாதை கொடுங்கள். தேடிக் கண்டுபிடிப்பது சாதிப் பெருமை பேசுவதற்கும் அல்ல, அடுத்தவர் வேரைத் தோண்டிக் கேலி செய்வதற்கும் அல்ல.

இன்னும் சில கதைகள் வெளிவரும். ஊரில் ஒரு மனைவியை விட்டுவிட்டு இங்கே இன்னொரு குடும்பம் நடத்தியவர், கடனுக்கும் பஞ்சத்துக்கும் பயந்து இரவோடிரவாகக் கிளம்பியவர், கப்பலில் அனாதையான பிள்ளையைத் தன் பிள்ளை என்று எழுதி வளர்த்தவர். நம் பாட்டன் பாட்டிகள் சாமிகள் அல்ல, பிழைக்க வந்த மனிதர்கள். உயிரோடு இருப்பவர்கள் மனம் நோகும் விஷயத்தை எழுதி வையுங்கள், ஆனால் எல்லாருக்கும் வாசிக்கக் கொடுக்காதீர்கள். தத்தெடுத்து வளர்த்தவரையும் குடும்ப மரத்தில் எழுதுங்கள். இரத்தம் கொடுத்தவருக்கு உள்ள இடம் சோறு போட்டவருக்கும் உண்டு.

பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள் என்பதையும் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பெயர் முறையில் அப்பா பெயர் மட்டும் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் பாட்டன் பெயராவது மிஞ்சுகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போன பாட்டியின் பெயர் இரண்டு தலைமுறையில் 'ஆயா' என்ற ஒரு சொல்லாகிவிடுகிறது. ஆயாவுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைக் கேட்டு எழுதுங்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள்

நிறைவாக, உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, இந்த வாரத்துக்குள் ஒரு தாளில் நாலு தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், கற்பனையால் நிரப்பாதீர்கள். காலி இடம்தான் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தரும். இரண்டு, குடும்பத்தில் மிக மூத்தவர் யாரோ அவரை முதலில் போய்ப் பாருங்கள். இலாகாவுக்கு அடுத்த மாதம் போகலாம், அது எங்கும் ஓடிவிடாது. மூன்று, கிடைத்ததை மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் வந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறீர்கள் அல்லவா? ஒரு முறை 'என் பாட்டி வந்த கதை' என்று கொடுத்துப் பாருங்கள். பிள்ளை கேட்டால் பாட்டி சொல்லாமல் இருக்க மாட்டார்.

நம் முன்னோர் பெயரைச் சேர்த்தெழுதிய பேரேடு நமக்கு யாரும் விட்டுவைக்கவில்லை. நாம் எழுதினால்தான் அது இருக்கும். இன்னும் நூறு வருஷம் கழித்து நம் பேரனுக்குப் பேரன் இதே பினாங்கில் நின்று நம்மைத் தேடும்போது, அவனுக்காவது ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்கட்டும்.